‘எந்த ஊர்?’ என்று கேட்டால் வேலூர்க்காரர்கள் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சத்துவாச்சாரி பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை வீட்டில் ஒரு சண்டை. அதற்குப் பிறகு மனசே சரியில்லை, இங்கே கொட்டிவிடலாம் என்று வந்தேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வேலூர், சத்துவாச்சாரி. நான் படித்தது சென்னையில். வேலைக்கு பெங்களூர் வந்து ஏழு வருடம் ஆகிறது. தம்பியும் சென்னையில் படிப்பை முடித்துவிட்டு ஒன்றரை வருடமாக என்னோடுதான் இருக்கிறான், அவனுக்கு வேறு கம்பெனி. அன்றைக்கு அவன் ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேர் சாப்பிட வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஒருவர், "அக்கா, சென்னைல உங்க வீடு எந்த ஏரியா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், "சென்னை இல்லப்பா, நாங்க வேலூர்" என்றேன். தம்பி குனிந்த தலையை நிமிரவில்லை. ஒன்றரை வருடமாக அவன் அங்கே சென்னைக்காரனாக இருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர்கள் கிளம்பியதும் ஆரம்பித்தது. "வேலூர்னு சொன்னா ஒண்ணு ஜெயில், இல்லன்னா ஆஸ்பத்திரி, அதுவும் இல்லன்னா வெயில். எத்தனை வாட்டிக்கா கேக்கறது? சென்னைன்னு சொன்னா சண்டை போடவாவது நமக்குன்னு ஒரு கட்சி இருக்கு" என்றான். அந்தக் கடைசி வார்த்தைதான் இன்னும் என்னைப் போட்டு அறுக்கிறது.

அவன் சொல்லும் சண்டை எனக்கும் பழக்கம். எங்கள் ஆபீசிலும் சென்னையா பெங்களூரா என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கிளம்பும். பெங்களூர்க்காரர்கள் வேர்வையில் தொடங்குவார்கள், ஆட்டோ மீட்டருக்குப் போவார்கள். சென்னைக்காரர்கள் சில்க் போர்டு சிக்னல் நெரிசலைக் காட்டுவார்கள், உங்கள் ஊரில் கடல் எங்கே என்பார்கள். 2019ல் சென்னை ஏரிகள் வற்றிப் போனபோது இவர்கள் சிரித்தார்கள். 2024 மார்ச்சில் பெங்களூரில் போர்வெல் எல்லாம் காய்ந்து டேங்கர் லாரிக்காக ஜனங்கள் நின்றபோது அவர்கள் சிரித்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஒரு ஊரே தவிப்பதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கிரிக்கெட் என்றால் கேட்கவே வேண்டாம். 2024 மே 18, சின்னசாமி மைதானத்தில் சென்னையைத் தோற்கடித்து பெங்களூர் அணி பிளே ஆஃப் போன ராத்திரி எங்கள் தெருவில் நெடுநேரம் வெடிச்சத்தம், திங்கட்கிழமை போனால் ஒரே டீமில் வேலை செய்கிற இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு கட்சியும் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எந்த ஊரு?" என்பார்கள். வேலூர் என்றதும் இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு வரும். அந்த ஒரு நிமிடம் அவர்கள் ஒற்றுமையாகிவிடுவார்கள். நம் ஊரைப் பற்றிப் பழைய சொலவடை ஒன்று உண்டே, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று, அதை எனக்கே சொல்லிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாவதாக நம் ஊர்ப் பெண்களைப் பற்றியும் ஒன்று சேர்ப்பார்கள், அதை நான் எழுத மாட்டேன்.

என் கேள்வி இதுதான். வெளியூரில் இருக்கிறவர்கள், இருந்தவர்கள், நீங்கள் ஊரைச் சொல்கிறீர்களா, மறைக்கிறீர்களா? தம்பிக்கு என்ன சொல்வது? அவனைத் திட்டி ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. அவன் ஏன் அப்படி ஆனான் என்று புரிய வேண்டும்.

காட்பாடி ஜங்ஷன்:

அம்மா, நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன், அதில் பாதிக் காலம் காட்பாடியில்தான். உங்கள் தம்பி போன்ற பிள்ளைகளை பிளாட்பாரத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்க வருகிற சீசன் டிக்கெட் கூட்டம் இருக்கிறதே, அவர்கள் ராத்திரி தூங்குவது வேலூரில், மற்றதெல்லாம் சென்னையில். அதில் ஒருவர் என்னிடம் சொன்னார், "சார், ஆபீசுல நான் வேலூர்க்காரன், தெருவுல நான் மெட்ராஸ்காரன்" என்று. முப்பது வருடமாக இரண்டு பக்கமும் அவரை விருந்தாளியாகவே வைத்திருந்தார்கள் என்பதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தம்பியிடம் ஒரு விஷயம் கேளுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கிருந்து எங்கே ஓடியது? 1856 ஜூலை 1, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு. மெட்ராசிலிருந்து விட்ட முதல் ரயிலே ஆற்காட்டுப் பக்கம்தான் போனது. ஒரு காலத்தில் கர்நாடக நவாப்பின் தலைநகரமே ஆற்காடுதான். அவர் பிறகு சேப்பாக்கத்தில் போய் மாளிகை கட்டிக்கொண்டார், ஆனால் பெயர் இன்றைக்கும் ஆற்காடு நவாப்தான், கோடம்பாக்கம் வழியாகப் போகிற சாலைக்குப் பெயர் ஆற்காடு சாலைதான். சென்னையில் பிறந்த பிள்ளைகள் தினமும் அந்தச் சாலையில் போகிறார்கள்.

அந்தச் சொலவடையைப் பற்றியும் சொல்கிறேன், எனக்கு அதில் வருத்தம் அதிகம். சாமியில்லாத கோயில் என்பது ஒரு காலத்தில் உண்மை. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல தலைமுறைகளாக மூலவர் இல்லாமல் இருந்தது, லிங்கம் உங்கள் சத்துவாச்சாரியில்தான் இருந்தது. 1981 மார்ச்சில் அதைக் கொண்டுவந்து கோட்டைக்குள் பிரதிஷ்டை செய்தார்கள். நான் அப்போது இளைஞன். செய்தி பரவியதும் கோட்டைக்குள் ஜனம் போனது போனதுதான், எங்கள் அம்மா செருப்பில்லாமல் நடந்தே போனார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் "சாமி இல்லாத கோயில்" என்று சொல்கிறார்கள் என்றால் அவர்கள் நம் ஊரைப் பார்த்துச் சொல்லவில்லை, யாரோ சொன்னதைச் சொல்கிறார்கள்.

ராஜா இல்லாத கோட்டை. சரி, இல்லை. ஆனால் 1806 ஜூலை 10 அதிகாலையில் அந்தக் கோட்டைக்குள் எழுந்தவர்கள் ராஜாக்கள் இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்த்த சிப்பாய்கள். நெற்றியில் குறி வைக்காதே, தாடியை எடு, கடுக்கனைக் கழற்று, இந்தப் புதுத் தலைப்பாகையைப் போடு என்று உத்தரவு போட்டால் நாங்கள் கேட்க மாட்டோம் என்றார்கள். 1857க்கு 51 வருடம் முன்னால். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கிவிட்டது, பலநூறு பேர் செத்தார்கள். மக்கான் பக்கம் நினைவுத்தூண் இருக்கிறது, தம்பியை ஒருமுறை அங்கே இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் தாண்டிப் போனால் தெரியாது.

அல்சூர் ஏரிக்கரை:

நான் பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழன். எங்கள் கொள்ளுத்தாத்தா குடியாத்தத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்தவர். அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பங்கு வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்து ஜனங்கள். தாத்தா அங்கிருந்து பெங்களூர் அல்சூருக்கு வந்துவிட்டார். அதனால் அக்கா, உங்கள் கேள்வி எனக்கு வேறு மாதிரி சுடுகிறது. என்னை இங்கே "எந்த ஊர்" என்று கேட்டால் பெங்களூர் என்பேன், உடனே "இல்ல, சொந்த ஊர்?" என்பார்கள். நான்கு தலைமுறை போதாதாம். தமிழ்நாட்டுக்கு வந்தால் என் தமிழைக் கேட்டுவிட்டு "பெங்களூர் தமிழா" என்கிறார்கள்.

இந்த இரண்டு ஊர்ச் சண்டை ஆபீஸ் கேன்டீனில் கேட்கும்போது விளையாட்டாகத் தெரியும். எங்கள் வீட்டில் யாருக்கும் அது விளையாட்டு இல்லை. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிக் கலவரம் வந்தபோது எனக்கு ஆறு வயது. அப்பா கடையின் தமிழ்ப் போர்டை ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றி சமையலறை மேடைக்கு அடியில் வைத்தார். அந்தப் போர்டு பல வருடம் அங்கேயே இருந்தது. 2016 செப்டம்பரில் மறுபடியும். அன்றைக்கு குடியாத்தத்திலிருந்து மாமா குடும்பம் காரில் வந்திருந்தது. டி.என். 23 நம்பர் பிளேட். தமிழ்நாட்டு வண்டிகளை எரிக்கிறார்கள் என்று டிவியில் வந்ததும் காரை காம்பவுண்டுக்குள் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடி, நான்கு நாள் யாரும் வெளியே போகவில்லை. எரிக்கிறவனுக்கு 23 வேலூரா சென்னையா என்று தெரியாது, தெரிந்தாலும் விடப் போவதில்லை. எங்கள் எதிர்வீட்டுக் கன்னடக்காரர்தான் அந்த நான்கு நாளும் பாலும் காய்கறியும் வாங்கிக் கொடுத்தார். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், ஒன்றை மட்டும் சொன்னால் அது பொய்.

திருவள்ளுவர் சிலையை அல்சூரில் நிறுத்திவிட்டுத் திறக்க முடியாமல் 18 வருடம் மூடியே வைத்திருந்தார்கள். அந்த வழியாகத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். துணி சுற்றிய உருவத்தைக் காட்டி "இது யாருப்பா" என்று கேட்டால் அப்பா பேச்சை மாற்றுவார். 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தபோது அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள்.

உங்கள் தம்பி கட்சி வேண்டும் என்கிறார். கட்சியில் இருக்கிறவனுக்குத்தான் அடி முதலில் விழும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. பயமுறுத்தச் சொல்லவில்லை அக்கா, அவர் சென்னைக்காரன் என்று சொல்லிக்கொள்வதால் எதையும் தப்பித்துவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆம்பூர் விறகடுப்பு:

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். மனசில் பட்டதை நேராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சென்னைக்காரன் எங்களைக் கேலி செய்கிறான், பெங்களூர்க்காரன் கேலி செய்கிறான் என்று வேலூரில் இருந்து நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். எங்களுக்கு வேலூர்தான் சென்னை. 2019ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்து நாங்கள் திருப்பத்தூர் மாவட்டம் ஆகும்வரை ஒரு கையெழுத்துக்கு, ஒரு மனுவுக்கு வேலூர் கலெக்டர் ஆபீசுக்குத்தான் வர வேண்டும். எனக்குக் கல்லூரியும் வேலூர்தான். முதல் வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு "ஆம்பூரா, தோல் நாத்தம் வருது" என்றான். வகுப்பே சிரித்தது. என் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் அரை மணி நேரம் குளித்துவிட்டுத்தான் எங்களைத் தூக்குவார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. வாணியம்பாடிக்காரன், பேரணாம்பட்டுக்காரன், ராணிப்பேட்டைக்காரன், யாரைக் கேட்டாலும் இதே கதை சொல்வான். ஜவ்வாது மலையிலிருந்து படிக்க வந்த பையன்களை நாங்கள் எல்லாரும் சேர்ந்து என்ன பாடு படுத்தினோம் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது, அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

தோல் நாற்றத்தைச் சொல்கிறவர்கள் காலில் போட்டிருக்கிற ஷூ எங்கிருந்து வருகிறது? சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய கடைகளில் விற்கிற செருப்பு, பெல்ட், பர்ஸ், கப்பலேறிப் போகிறது எல்லாம் சேர்த்து, எங்கள் பாலாற்றங்கரைத் தொழில். லாபம் எங்கோ போயிற்று, உப்பு எங்கள் கிணற்றில் தங்கிவிட்டது. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மலைபோலக் கிடந்து, 2006ல் உலகிலேயே மிகவும் மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாகப் பெயர் வந்தது. அதற்காக நம் ஊர் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1996ல் வந்த தீர்ப்பின் பெயரே ‘வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய அரசு’. மாசுபடுத்தியவனே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிறுத்திய தீர்ப்பு அதுதான். என் மகள் டெல்லியில் சட்டம் படிக்கிறாள். முதல் வருடம் போன் செய்து, "அப்பா, எங்க க்ளாஸ்ல இன்னிக்கு வேலூர் கேஸ்" என்றாள். பக்கத்தில் இருந்த எல்லாருக்கும் இது என் ஊர் வழக்கு என்று சொன்னாளாம். ஜெயில், ஆஸ்பத்திரி, வெயிலோடு உங்கள் தம்பி இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

பிரியாணி விஷயமும் சொல்லிவிட்டுப் போகிறேன். பெங்களூரில் ‘ஆம்பூர் பிரியாணி’ என்று போர்டு போட்டு பாஸ்மதியில் மசாலாவைக் கொட்டிக் கொடுக்கிறார்கள். அது ஆம்பூர் இல்லை. சீரகச் சம்பா, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, விறகடுப்பு, மூடிமேல் தணல், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். அவ்வளவுதான். அரிசி உடையக் கூடாது, கையில் எண்ணெய் ஒட்டக் கூடாது. ஆற்காட்டுக்காரர்கள் எங்களுடையதுதான் முதல் என்பார்கள், நவாப் சமையலறையிலிருந்து வந்தது என்பார்கள். அந்தச் சண்டை நடக்கட்டும், அதில் யார் மனசும் புண்படுவதில்லை.

சத்துவாச்சாரி பொண்ணு:

ஆம்பூர் அண்ணா, உங்கள் பதிலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. நானும் பள்ளியில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வகுப்பில் மேல்விஷாரத்திலிருந்து ஒரு பெண் வருவாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை, இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்றும் தெரியாது. உங்களிடம் கேட்கிறேன்.

அல்சூர் அண்ணா, 2016ல் நான் இங்கே இல்லை. நீங்கள் சொன்னதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் போனை வாங்கி மறுபடியும் படித்தான்.

வியாசர்பாடிக்காரன்:

சென்னையிலிருந்து ஒருத்தனாவது பேச வேண்டாமா, அதனால் வந்தேன்.

சகோதரி, எந்த சென்னை என்று நீங்கள் கேட்கவே இல்லையே. ஆபீசில் கடலைக் காட்டி மார் தட்டுகிறவர்கள் காட்டுவது பெசன்ட் நகர்க் கடல். காசிமேட்டுக் கடலை அவர்கள் காட்ட மாட்டார்கள். நான் வியாசர்பாடி என்று இன்டர்வியூவில் சொன்னால் எதிரில் இருக்கிறவர் நாற்காலியில் பின்னால் சாய்கிறார், நானே பார்த்திருக்கிறேன். நண்பன் ஒருவன் பயோடேட்டாவில் பெரம்பூர் என்று போடச் சொன்னான், அதுவாவது ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிற இடம் என்பார்களாம். உங்கள் தம்பி செய்ததை நானும் செய்திருக்கிறேன். ஊரைக் கூட இல்லை, தெருவை மாற்றிச் சொன்னேன்.

அப்புறம் பேச்சு. மெட்ராஸ் பாஷை என்று ஊரே கேலி செய்கிறதே, அது எங்கிருந்து வந்தது? எங்கள் ஆயா ஆரணிப் பக்கம். "இன்னா நைனா, துன்னுட்டியா", "எங்க போய்கினு கீற", "ஊட்டாண்ட வா" எல்லாம் அவர் வாயிலிருந்துதான் நான் கற்றேன், அவர் இங்கே வரும்போதே கொண்டுவந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் பேசிய தமிழ், கொஞ்சம் தெலுங்கு, கொஞ்சம் உருது, அதுதான் இந்த ஊர்த் தமிழ். கோயம்புத்தூர்க்காரர் "ங்க" போட்டால் மரியாதைத் தமிழ், மதுரைக்காரர் இழுத்தால் மண்வாசனை, நாம் "கீது" என்றால் மட்டும் ரவுடி. இது எனக்கு உள்ளே இருக்கிற பெரிய கோபம். சினிமாவில் வில்லன் வாயில் போட்டுப் போட்டே இப்படிச் செய்துவிட்டார்கள். எங்கள் ஆயா அந்தத் தமிழில்தான் என்னைக் கொஞ்சினார், அந்தத் தமிழில்தான் சாமி கும்பிட்டார்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. 2019 ஜூலை 12, ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அப்போது ஜோலார்பேட்டை வேலூர் மாவட்டம்தான். அங்கேயும் ஜனங்களுக்குக் குடத்துக்குக் குடம் கஷ்டம், எங்களுக்கே இல்லாதபோது சென்னைக்கா என்று எதிர்ப்பும் வந்தது, அதில் நியாயமும் இருந்தது. இருந்தும் தண்ணீர் வந்தது, மாதக்கணக்கில் வந்தது. எங்கள் தெருவில் நான்கு நாளைக்கு ஒரு முறை லாரி, ராத்திரி ஒரு மணிக்குப் பிளாஸ்டிக் குடத்தோடு அம்மாவும் நானும் நிற்போம். அந்த லாரியில் இருந்தது எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியாது, ஆனால் வேலூர் என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்கு ஜெயில் ஞாபகம் வருவதில்லை.

காந்தி ரோடு லாட்ஜ்:

நான் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் சந்தில் பதினாலு ரூம் லாட்ஜ் நடத்துகிறேன். அதிகம் எழுதிப் பழக்கமில்லை.

ஆஸ்பத்திரி ஊர் என்பதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்கத்தாவிலோ குவாஹாத்தியிலோ போய்க் கேளுங்கள், தமிழ்நாட்டில் அவர்கள் முதலில் சொல்லும் ஊர் வேலூர்தான். வங்காளிகள் வாயில் அது ‘பேலோர்’. ஹவுராவில் ரயிலேறி இரண்டு ராத்திரி தாண்டி காட்பாடியில் இறங்குகிறார்கள். எங்கள் தெருவில் வங்காள எழுத்தில் போர்டு இருக்கும், ஆட்டோக்காரர்கள் வங்காளம் பேசுவார்கள், பள்ளிக்கூடத்தையே தாண்டாத கிழவி ஒருத்தி மீனை வங்காளத்தில் விலை சொல்லி விற்பாள். யாரும் வகுப்பு எடுத்து வரவில்லை. வந்தவர்கள் அழுதுகொண்டு வந்தார்கள், என்ன வேண்டும் என்று கேட்க வேண்டியிருந்தது, கற்றுக்கொண்டார்கள்.

அசாமிலிருந்து ஒரு தகப்பன் ஐந்து மாதம் என் ரூமில் இருந்தார், மகனுக்குச் சிகிச்சை. சின்ன ஸ்டவ் வைத்துத் தானே சமைப்பார். கிளம்புகிற அன்று ரூமைப் பெருக்கித் துடைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். மகன் பிழைத்தானா என்று கேட்பீர்கள். பிழைத்தான். போன வருடம் அவன் தனியாகவே செக்கப்புக்கு வந்தான், மீசை வந்திருக்கிறது. 1900ல் ஐடா ஸ்கடர் என்ற அம்மா ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார் என்பார்கள், இன்றைக்கு அந்த வாசலில் விடியற்காலை நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு ஒவ்வொரு நாளும் அது ஞாபகம் வரும்.

குறையும் இருக்கிறது. வெளியூர்க்காரர்களிடம் ஆட்டோவுக்கு அதிகம் கேட்கிறவர்கள், வாடகையை ஏற்றுகிறவர்கள் நம்மில் உண்டு. "வேலூர்க்காரன் ஏமாத்துவான்" என்று யாராவது ஊருக்குப் போய்ச் சொன்னால் அதை நாம் பொய் என்று சொல்ல முடியாதபடி நடந்துகொள்ளக் கூடாது. அதற்காகவே நான் ரூம் வாடகையை வாசலில் மூன்று பாஷையில் எழுதி வைத்திருக்கிறேன்.

சத்துவாச்சாரி பொண்ணு:

தம்பி தானே எழுதுகிறேன் என்று என் போனை வாங்கிக்கொண்டான். கீழே இருப்பது அவன் எழுதியது, நான் எதையும் மாற்றவில்லை.

"எல்லாருக்கும் நன்றி. நான் மறைத்தது பெங்களூரில் தொடங்கவில்லை. சென்னையில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம். அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன், ‘சாப்டுகினு கீறேன்மா’ என்று சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் அதை அப்படியே திருப்பிச் சொன்னான். அன்றிலிருந்து நான்கு வருடம் எனக்குப் பெயரே ‘கீறேன்’. அதற்குப் பிறகு அம்மாவிடம் கூட ‘சாப்பிட்டுட்டு இருக்கேன்’ என்றுதான் பேசுகிறேன். அம்மா முதலில் ‘ஏன்டா ஒரு மாதிரி பேசற’ என்று கேட்டார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார். வியாசர்பாடி அண்ணன் ஆயாவைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு அம்மா கேட்பதை விட்டதுதான் ஞாபகம் வந்தது. கேலி செய்தவன் அதை மறந்திருப்பான்.

பேச்சை மாற்றிய பிறகு ஊரை மாற்றிச் சொல்வது பெரிதாகத் தெரியவில்லை. அக்கா அன்றைக்கு வேலூர் என்று சொன்னதும் கோபம் வரவில்லை, மாட்டிக்கொண்டோமே என்றுதான் இருந்தது.

தண்ணியில்லாத ஆறு என்று எழுதியிருந்தீர்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. நான் அப்போது ஹாஸ்டலில். அப்பா பாலத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு போன் செய்தார். பேசவே இல்லை, போனை ஆற்றுப் பக்கம் நீட்டிப் பிடித்தார். ‘கேக்குதாடா, கேக்குதாடா’ என்று நடுவில் கத்தினார். எனக்குக் காற்று இரைகிற மாதிரிதான் கேட்டது. ரூமில் ஆள் இருந்ததால் ‘உம்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு வந்த மூன்று பேரிடமும் நேற்று விஷயத்தைச் சொன்னேன். ஒருவன் ஏன் மறைத்தாய் என்று கேட்டான், சொன்னேன். மற்றவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தேன். அப்பா எங்கே என்று கேட்க ஆரம்பித்து, ‘அப்பா இன்னாமா பண்ணிகினு கீறாரு’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. அப்புறம் அம்மா, ‘வெளில கீறாருடா, இரு, கூப்டறேன்’ என்றார்."